கதவோரம் ஒரு கை இடம்

அந்த அறிவிப்பை எழுதி முடிக்க அவனுக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருவர் பெயரைக் கெடுக்க அதுவே தாராளம்.

"‘எறும்பு’ என்ற பெயரில் ஆடுபவர் தானாக ஆடும் நிரல் ஒன்றை வைத்து ஏமாற்றியிருக்கிறார். அவருடைய புள்ளிகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன. நேர்மையாக ஆடும் மற்ற எல்லோரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒரு தடவை படித்துப் பார்த்தான். எழுத்துப் பிழை இல்லை. பொத்தானை அழுத்தினான். ஆட்டத்தின் முகப்பில் சிவப்பு எழுத்தில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

இவனைத் தம்பிக்காரன் என்றே சொல்லலாம். வீட்டில் அதுதான் பெயர். முப்பத்து நாலு வயதாகியும், முன்மண்டை வழுக்கையாகியும் மாறவில்லை. செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு மேசை, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி, கீழேயிருந்து ஏறிவரும் பசை வாடை. அங்கேதான் மூன்று வருஷமாக அவனும் ஒரு ஓவியக்காரியும் சேர்ந்து அந்த ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். படம் எல்லாம் அவள் வேலை, மீதியெல்லாம் இவன் வேலை.

ஆட்டத்தின் பெயர் ‘அடுக்கு’. முதலில் ‘சரக்கு’ என்றுதான் வைத்திருந்தான். அக்காவின் புருஷன், அதாவது அத்தான், அதைக் கேட்டு அரைமணி நேரம் சிரித்தார். "வெச்சுப் பாரேன், கூட்டம் அலைமோதும்" என்றார். அன்றைக்கே பெயர் மாறியது.

விஷயம் எளிது. திரையில் ஒரு வேன் கதவைத் திறந்துகொண்டு நிற்கும். ஓடும் பட்டையில் பெட்டிகள் ஒவ்வொன்றாக வரும். நீளமானது, குட்டையானது, மூலை மடங்கியது, மேலே எதையும் வைக்கக் கூடாத கண்ணாடிப் பெட்டி. திருப்பித் திருப்பி இடுக்கு இல்லாமல் அடுக்க வேண்டும். நிரம்பியதும் கதவைச் சாத்தினால் அந்த வேன் கிளம்பும், அடுத்தது வந்து நிற்கும். உள்ளே காலி இடம் குறையக் குறையப் புள்ளி கூடும். பட்டையின் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஐந்தாம் நிமிஷத்தில் நெற்றி வியர்க்கும். பத்தாம் நிமிஷத்தைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த யோசனை ஒன்றும் இவன் தலையில் தானாக உதித்ததில்லை. அக்கா ஒரு பார்சல் குடோனில் வேன்களில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்கிறாள். ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போனவன், அவள் வேலை முடியும்வரை ஓரமாக நின்று பார்த்தான். பெட்டி பட்டையில் தூரத்தில் வரும்போதே அக்காவின் கண் வேனுக்குள் அதற்கு ஓர் இடம் பார்த்துவிடும். பெட்டி கைக்கு வரும், திரும்பும், போய் உட்காரும். இவன் வாய் பிளந்து நின்றான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அக்காவைக் கேள்வி கேட்டு ஃபோனில் குறிப்பு எடுத்தான். கனமானது கீழே, கண்ணாடி மேலே, நீளமானது சுவரோரம். அவள் இன்னொன்றும் சொன்னாள். அது ஆட்டத்துக்கு உதவாது என்று இவன் குறித்துக்கொள்ளவில்லை.

‘அடுக்கு’ வெளிவந்து ஏழு மாதத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்தால் கள்ளத்தனமும் சேரும். தானாக ஆடும் நிரல்களை வைத்துச் சிலர் முதல் இடத்தைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். உடனே இவன் இரண்டே நாளில் ஒரு காவல் நிரலை எழுதினான். பெட்டி தெரிந்த கணத்திலிருந்து ஆடுபவரின் விரல் அசையும் கணம்வரை எவ்வளவு நேரம் என்று அது அளக்கும். மனுஷக் கைக்கு அரை நொடியாவது, கெட்டிக்காரக் கையாக இருந்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவாவது ஆகும். அதற்கும் மிகக் கீழே போனால் ஆடுவது மனுஷன் இல்லை. பெரிய விளையாட்டுக் கம்பெனி ஒன்று ‘அடுக்கை’ வாங்கி வெளியிட முன்வந்ததே இந்தக் காவலைப் பார்த்துத்தான். அடுத்த வியாழக்கிழமை கையெழுத்து.

அந்த நேரத்தில்தான் ‘எறும்பு’ வந்தது. மூன்று வாரத்தில் முதல் இடம். பதினாலு நிமிஷம், நூற்றுப் பத்து வேன். காவல் நிரல் சொன்ன நேரம், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

அறிவிப்பு போடுவதற்கு முன்னால் ஓவியக்காரி மட்டும் கொஞ்சம் இழுத்தாள். எறும்பு ஆடிய ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரேன். ஒவ்வொரு வண்டியிலயும் கதவோரம் ஒரு கட்டம் காலியா விட்டிருக்கு. மெஷினா இருந்தா எதுக்குப் புள்ளிய வீணாக்கணும்?"

"அதனாலதான் மெஷின்ங்கறேன். நூத்திப் பத்து வண்டி, நூத்திப் பத்துலயும் அதே இடம். மனுஷனா இருந்தா ஒரு தடவையாவது கை தவறாதா?"

"பழக்கமா இருக்கலாம்ல?"

"நீ படம் வரை தாயே. கணக்க நான் பாத்துக்கறேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இவன் அறிவிப்பைப் போட்டான். அன்று புதன்கிழமை.

ஆடுகிறவர்கள் கூடிப் பேசும் பக்கத்தில் ஒரே கும்மாளம். "எறும்புக்கு மருந்து வெச்சாச்சு" என்று ஒருவன். "சர்க்கரை டப்பாவ மூடி வைங்கப்பா" என்று இன்னொருவன். வெட்கமே இல்லாத ஜென்மம், இதுக்கு ஒரு பொழைப்பா என்று வேறு சிலர் கொஞ்சம் கீழே இறங்கியும் எழுதினார்கள். தம்பிக்காரன் மருந்து வைத்த கேலிக்குச் சிரித்தான். சிரித்ததோடு விட்டிருக்கலாம், அதற்கு ஒரு ‘விருப்பம்’ வேறு போட்டான். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் கூப்பிட்டு, "களை எடுக்கறதுன்னா இப்படித்தான் எடுக்கணும். பிரமாதம் சார்" என்றார். இவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஞாயிறு மட்டும் சமையல்கட்டு அவர் வசம். கண்ணில் நீர் வழிய வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா. உங்க அக்காவ என்னன்னு கேளு. நாலு நாளா முகமே சரியில்ல. வேலை விட்டு வந்தா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துதான் டீயே குடிப்பா. இப்ப அத துணி போட்டு மூடி வெச்சுட்டா."

"எங்க அவ?"

"மாடியில துணி காயப்போடறா. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. நீயாச்சும் கேளு."

மூலையில் பழைய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அந்தக் கணினி இருந்தது. இவன் புதிது வாங்கியபோது, தூக்கிப் போட மனசில்லாமல் அக்காவுக்குத் தள்ளிவிட்டது. பழுதாக இருக்குமோ என்று துண்டை எடுத்துவிட்டு முடுக்கினான். அது எழுந்திருப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கமே போடலாம். ஒருவழியாகத் திரை வந்தது. ஓரத்தில் ‘அடுக்கு’. சும்மா தட்டினான். பெயர் கேட்கும் கட்டத்தில், ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது, ‘எறும்பு’.

இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தான், இது யாரு எறும்பு?"

"வேற யாரு? குடோன்ல எல்லாரும் உங்க அக்காவ அப்படித்தானே கூப்பிடறாங்க. ஆள் இத்தனூண்டு, தூக்கற பெட்டி அவளவிடப் பெருசு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒன்பது வருஷமாக அக்கா அந்தக் குடோனில் வேலை பார்க்கிறாள். அவளிடமிருந்து ஆட்டத்துக்கு வேண்டியதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவன், அங்கே அவளை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அக்கா காலி வாளியோடு இறங்கி வந்தாள். திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத எதுக்குடா தொறந்தே?" என்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவிச்சுக்காதேடா. நீ கையெழுத்துப் போடற அன்னைக்கு சொல்லலாம்னு இருந்தேன். உன் கேம்ல முதல் இடம் யாரு தெரியுமான்னு கேக்கலாம்னு. நான் என்னத்த அழுத்தித் தொலைச்சேனோ, அது ஏமாத்து வேலையா ஆயிடுச்சு. இந்த நேரத்துல உனக்குக் கெட்ட பேரு."

அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது இவனுக்கு உறைக்கவே சில கணம் ஆயிற்று. உறைத்த பிறகாவது உருப்படியாகப் பேசினானா? இல்லை.

"எதையாவது டவுன்லோடு பண்ணினியாக்கா?" என்று கேட்டான்.

"எனக்கு அதெல்லாம் தெரியுமாடா?"

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"என்னன்னு கேக்க? நீ கணக்குப் பாத்துத்தானே எழுதியிருப்பே. நீ எழுதினது தப்பா இருக்காது. எங்கேயோ எங் கைதான் தப்புப் பண்ணியிருக்கும்னு நெனச்சேன்."

சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. இவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"ஒரு ஆட்டம் ஆடிக் காட்டேன்."

"வேண்டாம்டா."

"எனக்காக."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விரலை விசையில் வைக்கவே தயங்கினாள். முதல் வேன் மெதுவாகப் போயிற்று. இரண்டாவது வேனில் அவளுடைய தோள் இறங்கியது, கண் அகன்றது, குடோனில் பார்த்த அதே அக்கா வந்துவிட்டாள். பெட்டி வருகிறது, திரும்புகிறது, உட்காருகிறது. ஒவ்வொரு வேனிலும் கதவோரம் ஒரு கட்டம் காலி.

"கதவோரம் ஏன்க்கா இடம் விடறே?"

"இறக்கறவன் கதவத் தொறந்தா, முதல் பெட்டியப் பிடிச்சு இழுக்கக் கை போகணுமேடா. இல்லாட்டி மூஞ்சியிலதான் வந்து விழும். அன்னைக்கே உங்கிட்ட சொன்னேனே."

"இதுல இறக்கறவன்னு யாரும் இல்லையேக்கா."

"தெரியும்டா. ஆனா மனசு கேக்கல."

அப்போதுதான் தம்பிக்காரன் திரையை ஒழுங்காகப் பார்த்தான். பெட்டிகள் வழுக்கிக்கொண்டு வரவில்லை, விட்டு விட்டுத் தாவித் தாவி வந்தன. பாவம், கிழட்டு இயந்திரம், மூச்சு வாங்கிக்கொண்டு படம் காட்டியது. அடுத்த கணமே இவனுக்குத் தன் காவல் நிரல் ஞாபகத்துக்கு வந்தது.

இவன் வைத்திருக்கும் கணினியில் திரை ஒரு நொடிக்கு அறுபது தடவை புதுப் படம் போடும். காவல் நிரலை அவசரத்தில் எழுதியபோது இவன் கடிகாரத்தைப் பார்த்து அளக்கவில்லை. படங்களை எண்ணினான். அறுபது படம் என்றால் ஒரு நொடி, ஆறு படம் என்றால் பத்தில் ஒரு பங்கு என்று எழுதி வைத்தான். அக்காவின் கணினி ஒரு நொடிக்குப் பதினைந்து படம் போடுவதே பெரிய பாடு. அங்கே ஆறு படம் ஓட அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அது சாதாரணக் கெட்டிக்கார மனுஷக் கையின் நேரம், அதைத்தான் காவல் நிரல் பத்தில் ஒரு பங்கு என்று சொல்லியிருக்கிறது. பெட்டிகள் வரும் வேகத்தை மட்டும் கடிகாரத்தை வைத்தே ஓட்டியிருந்தான். ஆக, ஊரெல்லாம் வழவழவென்று பார்த்து ஆடிய அதே வேகத்தை அக்கா இந்தத் தாவல் திரையில், பெட்டி பாதி வழியில் காணாமல் போய்த் திரும்பத் தெரிவதைப் பார்த்து ஆடியிருக்கிறாள். அப்படி ஆடியும் முதல் இடம். புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவன்கூட இரண்டாம் மாதத்தில் இந்தத் தப்பைத் தாண்டிவிடுவான்.

"என்னடா, கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் அக்கா.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வியாழக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனிக்காரர் குரல் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. இந்த மெஷின் ரொம்பப் பழசு. அதுல ஏதோ கோளாறு."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் எதுவும் பண்ணலல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அப்புறம் அந்த இயந்திரத்தின் தலையில் மெல்லத் தட்டினாள். "பாவம், அது என்ன பண்ணும், வயசாயிடுச்சு."

சாப்பிட உட்கார்ந்தவனுக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. அத்தான் தன் சமையலில்தான் குறை என்று நினைத்து உப்பை எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் காவல் நிரலைத் திருத்தினான். மூன்றே வரி. எறும்பின் புள்ளிகளைச் சத்தம் போடாமல் திரும்ப ஏற்றினான். சிவப்பு அறிவிப்பையும் சத்தம் போடாமல் எடுத்தான். காதும் காதும் வைத்த மாதிரி முடித்தாயிற்று, இனி யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நப்பாசை.

மத்தியானத்துக்குள் பேசும் பக்கம் பற்றி எரிந்தது. "மருந்து போலி போல, எறும்பு பொழச்சு வந்திருச்சு!" "உள்ள ஆள் இருக்கு, வேண்டப்பட்டவங்க போல." முன்பு ஏமாற்றுப் பேர்வழி என்று மட்டும் சொன்னவர்கள் இப்போது அதற்கு மேலும் கற்பனை செய்தார்கள். இவன் மென்று முழுங்கியதற்கெல்லாம் அக்கா வசவு வாங்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை முழுக்க அதைப் படித்துக்கொண்டே இருந்தான். ஒரு வரி எழுதவில்லை.

புதன்கிழமை காலையில் ஓவியக்காரி தன் நாற்காலியை இவன் பக்கம் திருப்பினாள். திருத்திய மூன்று வரியை அவளும் பார்த்திருந்தாள்.

"யாரு அது?" என்றாள்.

"எங்க அக்கா."

அவள் நாற்காலியைத் தன் மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பழக்கமா இருக்கலாம்னு சொன்னேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது இவனுக்கு.

அக்காவுக்கு ஃபோன் போட்டான். குடோனில் பட்டை ஓடும் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"அக்கா, மெஷின் மேல தப்பில்ல. நான் எழுதினதுதான் தப்பு. ஞாயித்துக்கிழமையே தெரியும். பொய் சொல்லிட்டேன்."

இரைச்சலுக்கு நடுவே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"சரி விடு. வண்டி நிக்குது, வெக்கட்டுமா?" என்றாள்.

இந்தத் தடவை அறிவிப்பு எழுத நாலு மணி நேரம் ஆயிற்று. எறும்பு ஏமாற்றவில்லை, அளந்தது என் தவறு, எப்படித் தவறு என்று ஒன்று விடாமல் எழுதினான். எறும்பு தன் அக்கா என்பதையும், அது தனக்குத் தெரியாமல் இருந்ததையும் எழுதினான். மன்னிப்பை எறும்பிடம் கேட்டான். அரைமணி நேரத்தில் கம்பெனிக்காரர் லைனில் வந்தார்.

"சார், இது இப்ப அவசியமா? நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் போட்டிருக்கலாமே."

"அப்புறம்னு போட்டா போடாமலே போயிடுவேன் சார்."

"காவல் சரியா இருக்குன்னு நம்பித்தான் மேல பேசி வெச்சேன். ஒரு ஆறு மாசம் போகட்டும், பாப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன பொருள் என்று இவனுக்கும் தெரியும். ஓவியக்காரியிடம் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஒரு புதுப் பெட்டிக்கு நிழல் தீட்டப் போனாள். ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிய மாதிரிதான் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று தன்னைத் தானே தட்டிக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டான். பேசும் பக்கத்தில் மருந்து வைத்தவனே, "எறும்பக்கா, மன்னிச்சிருங்க, திரும்ப வாங்க" என்று எழுதியிருந்தான். அதற்கு ஐந்நூறு விருப்பம்.

பத்து நாள் எறும்பு வரவில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் பெயர்ப் பட்டியலில் பச்சைப் புள்ளியோடு ‘எறும்பு’ தெரிந்தது. தம்பிக்காரன் துள்ளி எழுந்து ஓவியக்காரியைக் கூப்பிட்டான். இருவரும் ஒரே திரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஆறாவது நிமிஷத்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த ஒரு ஆட்டத்தின் கணக்கில் எறும்பு இருநூற்றுச் சொச்சமாவது இடம்.

ஓவியக்காரி ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டாள். ஒவ்வொரு பெட்டியும் வந்து, சும்மா நின்று, அப்புறம்தான் நகர்ந்தது. திருத்திய காவல் நிரல் நேரத்தைச் சரியாகக் காட்டியது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு நொடி. முதல் வேனில் கதவோரம் ஒரு பெட்டி போய் உட்கார்ந்தது. இரண்டாவதிலும் உட்கார்ந்தது. எந்த வேனிலும் ஒரு கட்டம் காலி இல்லை.

இவன் ஃபோனை எடுத்தான்.

"ஆடினியாக்கா?"

"ஆமாண்டா, உங்க அத்தான் விடல. ஆடு ஆடுன்னு உயிர எடுத்துட்டார்."

"ஏன் மெதுவா ஆடறே? கை வலியா?"

"அதெல்லாம் இல்ல. ஒவ்வொரு பெட்டிக்கும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டுத்தான் அழுத்தறேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுல்ல. அந்தக் கதவோரமும் இப்ப விடறதில்ல. எதுக்கு வம்பு?"

"அக்கா..."

"பழகிடும்டா. மொதல்ல கொஞ்சம் கை போகல, அவ்வளவுதான்." குரலைத் தணித்துக்கொண்டு அவள் கேட்டாள். "இப்ப சரியா இருக்கா? உனக்கு ஒண்ணும் பிரச்சன வராதுல்ல?"

தம்பிக்காரன் ஃபோனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தான். அதில் கதவோரம்வரை நிரம்பிய ஒரு வேனின் கதவு சாத்திக்கொண்டது. அக்கா இன்னொரு தடவை கேட்டாள்.